வேருக்கு மூடாக்கு, நடைக்கும் நீருக்கும் கல்: வீட்டுத் தோட்டத்துக்கு எதை, எவ்வளவு வாங்குவது?

தாம்பரத்தை அடுத்துப் புதிதாகக் கட்டிய உங்கள் வீட்டைச் சுற்றிச் சுமார் 1,100 சதுர அடி வெறும் மண் கிடக்கிறது. அதில் ஒரு வேம்பும் இரண்டு தென்னையும் முன்பே நிற்கின்றன. செம்பருத்தி, மல்லிகை, இட்லிப்பூ வைக்க எண்ணியிருக்கிறீர்கள். நர்சரியில் மூட்டை கட்டிய மரப்பட்டைச் சீவலையும் வெள்ளைக் கூழாங்கல்லையும் காட்டி, முழுவதும் பிளாஸ்டிக் தாள் விரித்து மேலே கல்லைக் கொட்டிவிட்டால் களையே வராது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, செய்தால் எவ்வளவு வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் வீட்டுத் தோட்டங்கள் அமைத்து வருகிறேன். இடம் முழுவதையும் கல்லால் மூடிய தோட்டங்களில் மூன்றாம் ஆண்டு வரை செடி செழிப்பாக இருந்ததை நான் பார்த்ததில்லை. கல்லை வெறுத்துச் சொல்லவில்லை. கால் படும் இடத்திலும் கூரைநீர் விழும் இடத்திலும் கல்லுக்கு இணையான பொருள் கிடையாது. ஆனால் வேர் இருக்கும் இடத்துக்கு வேண்டியது மக்கும் பொருளால் ஆன மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் பரப்பும் போர்வை. இந்தப் பிரிவினையை முதலில் தரையில் கோடு போட்டு முடிவு செய்துகொண்டால், எதை வாங்குவது என்பதும் எவ்வளவு வாங்குவது என்பதும் தாமாகவே தெளிந்துவிடும்.

முதலில் நர்சரியில் சொன்ன யோசனையைக் கணக்கிட்டுப் பாருங்கள். சதுர அடியை அங்குலக் கனத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 1,100 சதுர அடிக்கு 2 அங்குலக் கனத்தில் கல் பரப்ப 183 கன அடி வேண்டும். கூழாங்கல்லின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் என்று கொண்டால் அது எட்டு டன்னை நெருங்குகிறது. 50 கிலோ மூட்டையாக எண்ணினால் 155 மூட்டைக்கு மேல். கடையில் ஒரு மூட்டையைப் பார்க்கும்போது அது நிறைய இடத்தை மூடும் என்று தோன்றும். உண்மையில் 2 அங்குலக் கனத்தில் ஒரு 50 கிலோ மூட்டை ஏழு சதுர அடியைத்தான் மூடும். அதாவது வீட்டு வாசலில் விரிக்கும் ஒரு சிறிய பாயின் பரப்பு. இதை முன்கூட்டியே சொல்லாமல் பத்து மூட்டை விற்று, பிறகு மேலும் மேலும் வாங்க வைப்பது இந்த வியாபாரத்தில் வழக்கமாகிவிட்டது.

பணத்தை விட எனக்குக் கவலை தருவது அந்தக் கல்லுக்குக் கீழே நடப்பதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் கல் பகல் முழுவதும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வெள்ளைக் கல்லாக இருந்தால் எதிரொளிக்கும் வெளிச்சம் இலைகளின் அடிப்பக்கத்தைச் சுடும். மல்லிகையின் வேர் மேல்மண்ணில்தான் பெரிதும் பரவும். அந்த மேல்மண்ணே அடுப்புத் திண்ணை போல் ஆகிவிட்டால், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாலும் செடி வாடிய முகத்தோடுதான் நிற்கும். கீழே பிளாஸ்டிக் தாளும் இருந்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது, வேருக்குக் காற்றும் போகாது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மொட்டை மாடி நீரைக் குழாய் வைத்து மண்ணுக்குள் அனுப்ப ஒரு பக்கம் செலவு செய்துவிட்டு, மறு பக்கம் நேராக மண்ணில் விழும் மழையைத் தாள் விரித்துத் தெருவுக்குத் தள்ளுவதில் என்ன பயன்? களை வராது என்ற வாக்குறுதியும் நிற்காது. கோரைக் கிழங்கின் முளை ஊசி போன்றது. மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். கல் பரப்பிய ஓராண்டுக்குள் தூசியும் சருகும் கற்களின் இடுக்கில் சேர்ந்து ஒரு மெல்லிய மண்ணாகி, காற்றில் வரும் விதைகள் அதிலேயே முளைக்கத் தொடங்கும். கல்லுக்கு நடுவே களை பிடுங்குவது வெறும் மண்ணில் பிடுங்குவதை விட இரண்டு மடங்கு வேலை.

உங்கள் வேப்ப மரத்தையும் நினைத்துப் பாருங்கள். மாசி, பங்குனியில் அது இலை உதிர்க்கும். அந்தச் சிறிய இலைகள் வெள்ளைக் கல்லுக்குள் சிக்கிக்கொண்டால் துடைப்பத்தால் கூட்ட முடியாது, கையால் பொறுக்கவும் முடியாது. அடுத்த மழைக்காலத்தில் பாசி படிந்து, கடையில் பார்த்த வெண்மை போய்விடும். மரத்தடியில் வெள்ளைக் கல் பரப்ப வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி உங்கள் இடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். செடிகள் வைக்கும் பாத்திகள் மொத்தம் 400 சதுர அடி. வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கல் பட்டை. நூறு அடி நீளம் என்றால் 150 சதுர அடி. கேட்டிலிருந்து பின்பக்கத் துவைகல் வரை மூன்று அடி அகலத்தில் நாற்பது அடி நடைபாதை. அது 120 சதுர அடி. மீதி 430 சதுர அடி வேம்புக்கும் தென்னைகளுக்கும் உரிய இடம். அதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை.

மரங்களிலிருந்து தொடங்குகிறேன். வளர்ந்த தென்னை ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்றாக ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலை தரும். இரண்டு மரத்திலிருந்து விழும் ஓலைகளை இரண்டு மூன்று துண்டாக வெட்டி அதன் தூரைச் சுற்றியுள்ள வட்டப் பாத்தியிலேயே போடுங்கள். தென்னைக்கு ஆறடி ஆரத்தில் பாத்தி எடுத்து, அதில் நூறு தேங்காய் மட்டைகளையோ பதினைந்து ஓலைகளையோ, அல்லது பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நார்க்கழிவையோ பரப்பலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. மட்டையைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க, புடைத்த பக்கம் வானத்தைப் பார்க்க அடுக்க வேண்டும். தோப்புகளில் மட்டையை மண்ணுக்குள் புதைக்கும்போது ஈரம் பிடித்து வைப்பதற்காகக் குழிந்த பக்கத்தை மேலே வைப்பார்கள். அதையே வீட்டில் மண்ணுக்கு மேல் செய்தால் ஒவ்வொரு மட்டையும் ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டியாகி, டெங்குவைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். வேம்பின் கீழே வேம்பின் சருகே மூடாக்கு. அதைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே விட்டால் போதும்.

பாத்திகளுக்கு வருவோம். 400 சதுர அடிக்கு 3 அங்குலக் கனம் என்றால் சரியாக 100 கன அடி. நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட். நர்சரியில் காட்டிய மரப்பட்டைச் சீவல் நல்ல பொருள்தான், ஆனால் அதைச் சிறு மூட்டைகளில் வாங்கி ஒரு யூனிட்டை நிரப்புவது நடுத்தரக் குடும்பத்துக்குத் தேவையற்ற செலவு. நம் பகுதியில் அதைவிட நீடிக்கக் கூடியதும் மலிவானதும் தேங்காய் மட்டைச் சீவல். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதில் மிகுதி என்பதால் மெல்லவே மக்கும். ஒருமுறை போட்டால் இரண்டு ஆண்டு தாங்கும். காற்றில் பறக்காது, மழையில் ஓரளவு மிதந்தாலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நின்றுவிடும். கயிற்றுத் தொழிற்கூடங்களில் மொத்தமாகக் கிடைக்கும். சென்னைப் பக்கத்தில் இளநீர்க் கடைகளில் குவியும் மட்டையையும் கேட்டு வாங்கலாம். அப்புறப்படுத்த வழியின்றித் தவிப்பவர்கள் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். அதை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒரு வாரமாவது வெயிலில் காயவைத்த பிறகே பரப்ப வேண்டும். இளநீர் மட்டையில் நீர் அதிகம். பச்சையாகக் குவித்தால் புளித்து ஈ மொய்க்கும்.

நார்க்கழிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மட்டைச் சீவலையும் நார்க்கழிவையும் ஒன்றென்று நினைத்துப் பலர் வாங்கிவிடுகிறார்கள். நாரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் தூள்தான் நார்க்கழிவு. தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் என்பது அதன் பெருமை. மூடாக்காகப் போடும்போது அதுவே குறையாகவும் ஆகிறது. மூன்று அங்குலம் தூளைப் பரப்பினால் கோடையில் பெய்யும் சிறு மழை முழுவதையும் அந்தத் தூளே குடித்துவிட்டு, கீழே வேருக்கு ஒரு சொட்டும் விடாது. நன்றாகக் காய்ந்துவிட்டால் காற்றில் பறந்து வீட்டுக்குள் வரும். எனவே செடிப் பாத்திகளில் நார்க்கழிவை மேலே பரப்புவதானால், தென்னைக்குச் சொன்ன அளவைப் போடாமல், ஓர் அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதன் மேல் சீவலோ சருகோ இருக்க வேண்டும். மக்காத நார்க்கழிவில் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். அதை மண்ணோடு கலந்து கொத்திவிட்டால், மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்கவைத்த பிறகு அந்த விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். மண்ணில் கலக்க அதுவே ஏற்றது. இதே காரணத்தால்தான் மரத்தூளையும் மண்ணில் கலக்கக் கூடாது என்கிறேன். மேலே வெறும் போர்வையாகக் கிடக்கும்வரை தழைச்சத்தை இழுக்கும் வேலை மேற்பரப்போடு நின்றுவிடும். வேர் வரை போகாது.

நார்க்கழிவிலும் சீவலிலும் உப்பு இருக்கலாம். உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் நிச்சயம் இருக்கும். இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். குடிநீர் வடிகட்டியைப் பார்க்க வாங்கிய, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா பல வீடுகளில் இருக்கிறது. ஒரு கைப்பிடி பொருளை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, ஐந்து மடங்கு வடிகட்டிய நீரை ஊற்றி இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அது துவர்ப்புச் சத்தின் நிறம், அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பேனாவை வைத்துப் பாருங்கள். ஊற்றியபோது இருந்ததை விட ஐந்நூறுக்கு மேல் கூடியிருந்தால், அந்தச் சரக்கை வாங்காமல் விடுகிறேன், அல்லது இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிய பிறகே பரப்புகிறேன். மல்லிகையும் செம்பருத்தியும் உப்புக்குச் சீக்கிரம் இலை நுனி கருகும்.

ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி விற்கும் நார்க்கழிவைப் பற்றியும் கேட்பீர்கள். ஊறினால் அது 60 முதல் 75 லிட்டர் வரை பெருகும். அதாவது இரண்டு முதல் இரண்டரை கன அடி. உங்கள் பாத்திகளுக்கு நாற்பது கட்டிக்கு மேல் வேண்டியிருக்கும். தொட்டிகளுக்கு அது பொருத்தம், பாத்திகளுக்கு அல்ல.

மற்ற பொருள்களில் கரும்புச் சோகை மிக நல்லது. மதுராந்தகம், படாளம் பக்கம் கரும்பு வெட்டும் பருவத்தில் வயலிலேயே எரிக்கப்படும் சோகையை வண்டிக்கூலி மட்டும் கொடுத்துக் கொண்டுவர முடியும். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து உடைப்பு ஆலைகளில் கிடைக்கும் கடலைத் தோல் பார்க்க அழகாக இருக்கும், சீராகப் பரவும், ஓராண்டில் மக்கி மண்ணுக்கு உரமாகும். உடையாத பருப்பு அதிகம் கலந்திருந்தால் எலி வரும் என்பதால் கையால் அளைந்து பார்த்து வாங்குங்கள். வைக்கோல் விரைவில் மக்கும், நெல்லும் களைவிதையும் முளைக்கும். உமியை நான் தனியாகப் போடுவதில்லை, காற்றுக்கு நிற்காது. அட்டைப்பெட்டியை விரித்து அதன்மேல் மூடாக்கு போடச் சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. குளிர்நாடுகளில் அது சரியாக இருக்கலாம். இங்கே ஈர அட்டை என்பது கரையானுக்கு வைக்கும் விருந்து.

கரையானைப் பற்றி நான் பட்டே கற்றேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் பாத்தியில் மரச்சீவலை அழகுக்காகச் சுவர் வரைக்கும் கொண்டுபோய் முட்டவிட்டேன். மழைக்காலம் முடிந்து மாசியில் போய்ப் பார்த்தபோது, சீவலுக்குள்ளிருந்து புறப்பட்ட பென்சில் கனத்து மண்கோடு ஒன்று அடிமட்டச் சுவரில் ஏறி, சன்னல் அடியைக் கடந்து, பக்கவாட்டு வாசலின் நிலைச் சட்டத்தை எட்டியிருந்தது. ஒரு விரல் அளவுக்கு அந்தக் கோட்டைப் பெயர்த்தேன். வெளிறிய பூச்சிகள் உள்ளே ஓடின. மறுநாள் காலையில் பெயர்த்த இடம் ஈர மண்ணால் மறுபடி மூடப்பட்டிருந்தது. நிலையின் கீழ்ப்பகுதியைத் தட்டியபோது தேக்குக்குரிய ஓசை வரவில்லை. சட்டத்தின் அடிப்பாகத்தை வெட்டி மாற்ற வேண்டியதாயிற்று. கட்டடம் கட்டும்போது அடித்தளத்தைச் சுற்றி ஊற்றிய கரையான் மருந்தின் மேல் மூடாக்கு விழுந்தால், அந்தப் பூச்சிகளுக்கு மருந்து படாத பாலம் ஒன்றை நாமே கட்டிக் கொடுத்ததாக ஆகும். மக்கும் பொருள் எதுவாயினும் கரையானுக்கு உணவுதான். தேங்காய் மட்டையும் விலக்கல்ல. அன்றிலிருந்து மூடாக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி கல் பட்டை இல்லாமல் நான் எந்த வீட்டையும் விடுவதில்லை. உங்களுக்கும் அதனால்தான் நூறடி நீளத்துக்கு அதை வைத்தேன். அந்தப் பட்டை சன்ஷேடிலிருந்து சொட்டும் நீரை வாங்கிக்கொள்ளும், மழையில் சேறு தெறித்து வெள்ளைச் சுவர் சிவக்காமல் காக்கும், கரையான் மண்கோடு ஏறினால் மறைவில்லாமல் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது கல். நடைபாதைக்கு உருண்ட கூழாங்கல் வேண்டாம். கால் வைத்தால் உருளும், முதியவர்கள் நடக்கும் வீட்டில் அது ஆபத்து. உடைத்த கல்லின் கூர்முனைகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். கிரஷரில் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ் என்று கேட்டால் முறையே 40, 20, 12, 6 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும். நடைபாதைக்கு அடியில் 3 அங்குலம் கிராவலைக் கொட்டி, நீர் தெளித்துக் கெட்டித்து, அதன்மேல் 2 அங்குலம் அரை ஜல்லி பரப்பினால் போதும். 120 சதுர அடிக்கு மேலடுக்கு 20 கன அடி, அடியடுக்கு 30 கன அடி. வெறுங்காலோடு நடப்பீர்கள் என்றால் நடுவே கருங்கல் பலகைகளை மையத்துக்கு மையம் இரண்டடி இடைவெளியில் பதியுங்கள். கடப்பா கல் பலகை விலை குறைவு என்று தூண்டும். ஆனால் கறுப்பு நிறத்தால் நண்பகலில் கால் வைக்க முடியாத சூடு ஏறும். சுவர் ஓரப் பட்டைக்கு முக்கால் ஜல்லியோ, கண்ணுக்கு இனிமை வேண்டுமானால் கூழாங்கல்லோ 3 அங்குலக் கனத்தில் போடலாம். 150 சதுர அடிக்கு 37.5 கன அடி. ஆக மேலே தெரியும் கல் மொத்தம் அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். நர்சரியில் சொன்ன 183 கன அடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஜல்லியை நேரில் பார்த்து வாங்குங்கள். ஒரு கைப்பிடி எடுத்து வாளி நீரில் அலசினால் தூள் எவ்வளவு என்று தெரியும். சுவர் ஓரப் பட்டைக்குத் தூள் இல்லாத கல் வேண்டும். இல்லையெனில் நீர் இறங்கும் இடுக்குகள் முதல் மழையிலேயே அடைபடும். நடைபாதையின் அடியடுக்குக்குத் தூள் இருப்பதே நல்லது. அதுதான் இறுகிப் பிடிக்கும். பல்லாவரம் குன்றுகளில் உள்ள நீலங்கலந்த கருமை நிறக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் இதே வகைக் கல்லால் அமைந்த கல்லறைக் கல்லை வைத்து அந்தப் பெயர் வந்தது. நம் காலடிக் கல் உலகப் பாறையியல் அகராதியில் இடம் பெற்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். தோட்டக்காரருக்கு அதில் பயன்படும் செய்தி, அந்தக் கல்லில் சுண்ணாம்பு இல்லை என்பது. எனவே அது மண்ணின் தன்மையை மாற்றாது.

வெள்ளைக் கல் அப்படியல்ல. வெள்ளை என்று விற்பதில் குறைந்தது இரண்டு வகை உண்டு. ஒன்று வெங்கச்சங்கல், கடினமானது, கண்ணாடியில் கீறினால் கோடு விழும், மண்ணோடு எந்த வினையும் புரியாது. மற்றொன்று பளிங்குச் சில்லு. அது சுண்ணாம்புக் கல்லின் இனம். அதில் இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டு உற்றுப் பாருங்கள்; சிறு குமிழ்கள் விடும். கல்லைச் சற்று இடித்துத் தூளில் விட்டால் இன்னும் தெளிவாக நுரைக்கும். மழைநீரில் அது சிறிது சிறிதாகக் கரைந்து மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும். சென்னைப் புறநகர் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர் என்பதால் மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மாறும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. ஆகவே இட்லிப்பூவுக்கு அருகில் பளிங்குச் சில்லு வேண்டவே வேண்டாம். நிறம் ஏற்றிய கற்களும் கடையில் உண்டு. ஈரத் துணியால் அழுந்தத் தேய்த்து, ஆணியால் கீறிப் பார்த்தால் சாயம் தெரிந்துவிடும்.

ஆற்றுக் கூழாங்கல் என்று சொல்லி விற்பவரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மணலையும் கல்லையும் அள்ளி அள்ளி நம் ஆறுகள் என்ன நிலைக்கு வந்திருக்கின்றன என்பதைப் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும் எவரும் பார்க்கலாம். குவாரியிலிருந்து வரும் வண்டிக்கு நடைச்சீட்டு, அதாவது சரக்கை எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டு, இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்வது வாங்குபவரின் உரிமை. சீட்டு இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை, நீங்களும் வாங்காதீர்கள்.

கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக, நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். நீரும் காற்றும் அதன் வழியே போகும். கல்லும் மண்ணும் கலக்காது. உங்கள் மண் களி என்றால் இது இன்னும் முக்கியம்: கோடையில் வெடித்து மழையில் பொதும்பும் மண்ணில், துணி இல்லாத கல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உள்ளே இறங்கி மறைந்துவிடும். மூடாக்குக்கு அடியில் மட்டும் இந்தத் துணி கூடாது. மூடாக்கு மக்கி மண்ணோடு சேர வேண்டும், மண்புழு மேலே வந்து போக வேண்டும். துணி அதைத் தடுக்கும்.

வாங்கும்போது அளவில் ஏமாறாமல் இருக்க இரண்டு வழிகள். டிப்பரில் வரும் கல்லைக் கொட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள். பெட்டியின் உட்புற நீளம், அகலம், நான்கைந்து இடங்களில் குச்சியைச் செருகிப் பார்த்த சராசரி உயரம் ஆகியவற்றை அடியில் எடுத்துப் பெருக்குங்கள். 11 அடி நீளம், 6.5 அடி அகலம், 2.8 அடி உயரம் என்றால் 200 கன அடி, அதாவது இரண்டு யூனிட். கொட்டிய பிறகு குவியலை அளந்து சண்டை போட முடியாது. அரை யூனிட்டுக்குத் தனி வண்டி கட்டுப்படியாகாது. ஜல்லி விலையில் பெரும்பகுதி தூரத்துக்கான வண்டிக்கூலிதான். பக்கத்தில் வீடு கட்டுபவர் யாராவது வரவழைக்கும்போது சேர்ந்து வாங்குவது நல்லது. மூடாக்கை ஒருபோதும் எடைக்கு வாங்காதீர்கள். ஈரச் சரக்கில் நீங்கள் தண்ணீருக்குப் பணம் கொடுப்பீர்கள். கன அடிக்கோ சாக்குக்கோ பேசுங்கள். ஐம்பது கிலோ அரிசிச் சாக்கு ஏறத்தாழ இரண்டு கன அடி பிடிக்கும். உங்கள் 100 கன அடிக்கு ஐம்பது சாக்கு. சருகாகவோ சோகையாகவோ வாங்கினால் படிந்து பாதியாகும் என்பதால் இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள்.

பரப்பும் காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் தை மாதம்தான் இங்கே சரியான நேரம். முதலில் கோரைக் கிழங்கைக் கொத்திப் பொறுக்கி எடுங்கள். எந்த மூடாக்கும் அதை அடக்காது. சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மண்மேல் போட்டு, நன்றாக நீர் பாய்ச்சி, அதன்மேல் சீவலைப் பரப்புங்கள். காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலைத்தான் மூடுகிறோம். செடியின் தூரிலிருந்து நான்கு விரற்கடையும், மரத்தின் தூரிலிருந்து ஓர் அடியும் இடைவெளி விடுங்கள். தண்டோடு ஒட்டிக் குவித்தால் ஐப்பசி மழையில் தூரழுகல் வரும். களிமண்ணில் மழை தொடங்கும் முன் மூடாக்கை இன்னும் சற்று விலக்கிவிடுவது என் வழக்கம். மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் அதன் அடியில் தங்கும்; மாலையில் டார்ச் விளக்கோடு ஒரு சுற்று வந்து, கையுறை அணிந்து பொறுக்கி உப்புநீரில் போடுங்கள். தென்னை இருப்பதால் மக்கும் குப்பையை ஓரிடத்தில் குவித்து வைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு அந்தக் குவியலில்தான் முட்டையிடும். மூன்று அங்குலமாகப் பரப்பிய மூடாக்கில் அந்தத் தொல்லை குறைவு, ஆயினும் கிளறும்போது வெண்மையான பருத்த புழு தென்பட்டால் எடுத்து அழித்துவிடுங்கள்.

பாம்பு வருமோ என்று வீட்டில் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பாம்பு தேடுவது எலியையும் தவளையையும் ஒளிய ஓர் இடுக்கையும்தான். அடுக்கி வைத்த செங்கல், பெரிய கற்களின் பொந்து, குவித்த விறகு ஆகியவை மூன்று அங்குல மூடாக்கை விட அதற்கு ஏற்ற இடங்கள். கட்டட வேலையில் மிஞ்சி மதிலோரம் கிடக்கும் செங்கல்லையும் கம்பியையும் முதலில் அகற்றுங்கள். பின்வாசலைச் சுற்றி நான்கடிக்கு மூடாக்கு எதுவும் இல்லாமல் வெறும் கல் பரப்பாக வைத்து, அங்கே ஒரு விளக்கைப் போடுங்கள். குழந்தைகளை மூடாக்குக்குள் வெறுங்கை விட்டு அளைய விடாதீர்கள். பூரானும் தேளும் அங்கே இருக்கக் கூடும்.

கல்லுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். பாத்திகளுக்கு மூடாக்கை இந்தத் தையிலேயே போட்டுவிடுங்கள். சுவரோரம் ஒன்றரை அடியை அதுவரை வெறும் மண்ணாக விடுங்கள். அடுத்த பெருமழையில் குடையோடு வெளியே நின்று, மாடிக் குழாய் நீர் எங்கே விழுகிறது, எந்த வழியாக ஓடுகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்த்து, மழை விட்டதும் அந்தத் தடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வையுங்கள். நீர் விழும் இடத்தில் முக்கால் ஜல்லி போதாது, அங்கே மட்டும் ஒன்றரை ஜல்லி வேண்டும்; தேங்கும் மூலையில் கல்லைக் கொட்டுவதற்கு முன் மண்ணை உயர்த்த வேண்டும் அல்லது நீர் உறிஞ்சும் குழி எடுக்க வேண்டும். அந்தக் கோட்டை அளந்த பிறகு கிரஷருக்குப் பேசுங்கள்.